லிஃப்ட் அக்கா பார்த்த பல்கலைக்கழகம்

தி. நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை ஒன்றை அதன் முதலாளிதான் நடத்துகிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. தவறு. நடத்தியது லிஃப்ட் அக்கா. முதலாளி கட்டடத்தைக் கட்டினார், அவ்வளவுதான். யார் எந்த மாடியில் என்ன வாங்க வேண்டும் என்பதை லிஃப்டுக்குள் இருந்தபடி அக்காதான் முடிவு செய்தாள்.

"ஆறாவது மாடிம்மா" என்று யாராவது சொன்னால் உடனே பட்டனை அழுத்திவிட மாட்டாள். முதலில் விசாரணை.

"ஆறுல இன்னா வாங்கப் போற நைனா?"

"பையனுக்குப் பேன்ட்."

"போன வாரம் வந்த சரக்கு நல்லால்ல. ரெண்டு தண்ணில வெளுத்துரும். நாலுல எறங்கு. கைலி ஷோக்கா கீது."

பேன்ட் வாங்க வந்த மனிதர் நான்கு கைலிகளோடு வீட்டுக்குப் போவார். அவர் வீட்டில் என்ன நடந்ததோ, அது நமக்குத் தெரியாது. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் அவர் வந்து, "அக்கா, எந்த மாடி போகட்டும்?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நானும் அக்காவும் ஒரே மகளிர் விடுதியில், ஒரே அறையில் இருந்தோம். அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். மூன்றாவது கட்டில் ஜெசிந்தாவுடையது. தூத்துக்குடிப் பெண், மழலையர் பள்ளி ஆசிரியை. நாங்கள் இருவரும் வெளியூர் என்பதால் விடுதியில் இருந்தோம். அக்காவோ சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவள். அண்ணன் வீடு இருந்தது. நடந்தே போய்விடலாம் என்கிற தூரம். பிறகு எதற்கு விடுதி என்று கேட்டால் சொல்வாள்: "அங்க எனுக்குன்னு ஒரு கதவு இல்ல. இங்க கதவு கீது, உள்பக்கம் தாப்பாளும் கீது."

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் விடுதி வார்டன்கூட வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'லிஃப்ட்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இல்லாவிட்டால் அவருக்கே ஆள் யாரென்று குழம்பிவிடும்.

அந்தக் கடையில் லிஃப்டில் வேலை செய்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒரு நாள் காலை அக்கா எங்கள் விடுதியின் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பிளந்தபடி வேலைக்குப் போனாள். மேனேஜர் பதறிவிட்டார். நெல்லைப் பக்கத்துக்காரர், எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம்.

"ஏ, என்னதிது? ஸ்டூலை எடு மொதல்ல."

"ஏன் அண்ணாச்சி, நான் நின்னா லிஃப்ட் வேகமா போவுமா?"

அண்ணாச்சி யோசித்தார். நேர்மையான மனிதர். பதில் கிடைக்கவில்லை. ஸ்டூல் லிஃப்டிலேயே தங்கிவிட்டது. விடுதியில்தான் குளியலறைக்கு முன்னால் பக்கெட் வைக்க ஸ்டூல் இல்லாமல் எல்லோரும் திண்டாடினோம்.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடை மடித்து வந்த காகிதம் கிடைத்தது. அடையாறு பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு. வரும் சனிக்கிழமை 'திறந்த நாள்'. ஆய்வகங்கள், நூலகம், வகுப்பறைகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். சேர்க்கை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடைசி வரியில் எண்ணெய் படிந்திருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது: 'பொதுமக்கள் அனைவரும் வருக.'

"பொதுமக்கள்னா யாரு?" என்றாள் அக்கா.

"எல்லாரும்தான்" என்றேன்.

"அப்போ நாமதான். மூணு பேரும் போறோம்."

"யக்கா, அது காலேசு புள்ளைகளுக்குப் போட்டது. நம்மளப் பாத்தா சிரிப்பாவ" என்றாள் ஜெசிந்தா.

"சிரிச்சா பல்லு எத்தினின்னு எண்ணிட்டு வரலாம். வா."

கல்யாண சீசன். சனிக்கிழமை என்றால் அந்தக் கடையில் மூச்சு விடவும் இடம் இருக்காது. அக்கா அண்ணாச்சியிடம் போய் நின்றாள். நடந்ததை அவளே வந்து நடித்துக் காட்டினாள்.

"சனிக்கிழம லீவா? ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? யாரைக் கேட்டு லீவு எடுக்க?"

"கேக்கல அண்ணாச்சி. சொல்ட்டுப் போலாம்னு வந்தன்."

"போனா அப்படியே போயிரு. திரும்பி வராத!"

"எவ்வளவு கோவமா சொன்னாரு தெரியுமா?" என்று அக்கா சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் விடுதி இல்லை. அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஜெசிந்தா அன்று முழுக்க அவளிடம் கெஞ்சிப் பார்த்தாள். அக்கா புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை. பல்கலைக்கழக வாசலில் பந்தல், தோரணம், வரவேற்பு மேசை. மேசையில் ஒரு மாணவி இருந்தாள். மாணவர்களுக்குப் பச்சை ஸ்டிக்கர், பெற்றோருக்கு மஞ்சள், ஆசிரியர்களுக்கு நீலம். ஜெசிந்தாவுக்கு நீலம் கிடைத்துவிட்டது. எனக்கும் அக்காவுக்கும் அந்தப் பெண் புன்னகையோடு மஞ்சளை நீட்டினாள்.

"பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் ஷாமியானால உக்காருங்க ஆன்ட்டி. டீ, பிஸ்கட் இருக்கு."

"நான் யாருக்கும்மா பேரன்ட்டு?"

"உங்க பையன்... பொண்ணு...?"

"எனுக்குக் கல்யாணமே ஆவல. நான்தான் பாக்க வந்தன். எனுக்குப் பச்சை குடு."

"பச்சை ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டும்தான் ஆன்ட்டி."

அக்கா மஞ்சள் ஸ்டிக்கரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேசையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். 'பெற்றோர்' என்று அச்சடித்திருந்ததைப் பட்டையாக அடித்துவிட்டு, அதற்குக் கீழே 'பொதுமக்கள்' என்று எழுதி மார்பில் ஒட்டிக்கொண்டாள். இன்னொன்றில் அதேபோல் எழுதி என் தோளில் ஒட்டினாள். அன்று அந்த வளாகத்தில் அதிகாரபூர்வமாகப் பொதுமக்கள் இரண்டே பேர்.

உள்ளே போனால் அக்காவின் யோகம், இயந்திரவியல் கூடத்தில் மாணவர்கள் ஒரு லிஃப்ட் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஆறு மாடி, தீப்பெட்டி அளவில் லிஃப்ட். கண்ணாடி போட்ட ஒரு மாணவி விளக்கம் சொன்னாள்: இது அறிவுள்ள லிஃப்ட்; எந்த மாடியில் கூட்டம் அதிகமோ அங்கே தானாகவே போய் நிற்கும்; ஆள் தேவையில்லை.

'ஆள் தேவையில்லை' என்றதும் நானும் ஜெசிந்தாவும் அக்காவின் முகத்தைப் பார்த்தோம்.

"அஞ்சாவது மாடில ஒரே ஒரு ஆள் நிக்கிறான். மத்ததுல எல்லாம் கூட்டம். உங்க லிஃப்ட் அவனாண்ட எப்போ போவும்?"

"கூட்டம் குறைஞ்சதும் போகும் ஆன்ட்டி."

"அந்த ஒரு ஆளு முழுகாம இருக்கற பொண்ணா இருந்தா?"

மாணவி கையில் இருந்த நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருந்தால் அக்கா அன்று பெரிய அறிவாளியாக வெளியே வந்திருப்பாள். விடவில்லை. "சின்னப் பசங்க ஏறுனா இன்னா பண்ணுவாங்க தெரியுமா?" என்று கேட்டபடி ஆறு பட்டன்களையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினாள். தீப்பெட்டி இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஒரு விளக்கு அணைந்தது. எங்கேயோ 'கீ' என்று ஒரு சத்தம். நான்கு மாணவர்கள் ஓடி வந்தார்கள்.

"தள்ளு, நான் பாத்துக்கறன்" என்று அக்கா தன் கடை வழக்கப்படி கூண்டின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். கடையில் அது வேலை செய்யும். இங்கே மீதி இருந்த விளக்குகளும் அணைந்தன.

நாங்கள் வேகமாக நடந்து அடுத்த கட்டடத்துக்குள் நுழைந்தோம். அதுதான் சேர்க்கை விவரம் சொல்லும் கூடம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. எனக்கும் ஜெசிந்தாவுக்கும்தான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அக்கா நேராகப் போய் வரிசையில் நின்றதைப் பார்த்தால், காலையில் இருந்தே அவள் தேடி வந்த இடம் அதுதான் என்று தோன்றியது.

அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா.

"யாருக்கு அட்மிஷன்?"

"எனுக்கு."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது. கணக்குல பெயிலு. நாப்பத்தொரு வயசாவுது. எனுக்கு இங்க இன்னா கோர்ஸ் கீது?"

பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசையில் பரவியது. இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிடம் நான் அவளோடு வந்தவள் இல்லை என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றேன். தோளில் இருந்த ஸ்டிக்கரையும் கையால் மறைத்துக்கொண்டேன்.

"டென்த் பாஸ் பண்ணாம இங்க எதுவும் இல்லம்மா. அடுத்தவங்க வாங்க."

அக்கா நகரவில்லை. "இல்லன்னு எழுதிக் குடுங்க."

"என்னது?"

"எனுக்கு இங்க இடம் இல்லன்னு சொல்றீங்க இல்ல? அத்த எழுதிக் குடுங்க. கையெழுத்தோட."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா."

"அப்போ எழுதித் தர முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. வரிசை நீண்டது. காவலாளி வந்தார். அக்கா அவரிடம் ஸ்டிக்கரைக் காட்டி, "பொதுமக்கள்" என்றாள். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் போய்விட்டார். கடைசியில் உள் அறையில் இருந்து வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனித்தேர்வராகப் பத்தாவது கணக்கை மறுபடி எழுதலாம், அதன்பின் பிளஸ் டூ, அதன்பின் இங்கே வரலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

"நல்லது சார். அத்த எழுதிக் குடுங்க."

அவர் பெருமூச்சு விட்டு, பல்கலைக்கழக முத்திரை போட்ட தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'பத்தாம் வகுப்பு மற்றும் மேல்நிலைத் தேர்ச்சிக்குப் பின் மீண்டும் அனுகவும்.'

என் வேலையின் சாபம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "சார், 'அணுகவும்'. மூணு சுழி ண."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி என்னையும் என் தோளையும் பார்த்தார். என் கை எப்போது ஸ்டிக்கரை விட்டு விலகியதோ தெரியவில்லை. அவர் ஒரு சுழியைச் சேர்த்தார்.

"எங்க ரூம்மு பொண்ணு சார். புக்குல தப்பு புடிக்கறதுதான் வேலை" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "பாத்தியா? 'மீண்டும் வா'ன்னு எழுதிக் குடுத்துட்டான். சீட்டு கன்ஃபார்ம்."

"யக்கா, அது வேண்டாம்னு சொல்லி எழுதுனதுக்கா" என்றாள் ஜெசிந்தா.

"வேணாம்னு எங்க கீது? காட்டு."

இருவரும் பார்த்தோம். எங்கேயும் இல்லை.

அன்றைக்கு எங்களுக்குக் கொண்டாட்டம். 29சி பிடித்து பெசன்ட் நகர் போனோம். நடத்துநரிடம் அக்கா தாளைக் காட்டினாள். அவர் ஏதோ பாஸ் என்று நினைத்து, "லேடீஸுக்கு ஃப்ரீதாம்மா, உள்ள வெச்சுக்க" என்றார். ஜெசிந்தா வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டு, அக்காவின் வேலை போகக் கூடாது என்று அழுது வேண்டினாள். அக்காவும் உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "வேண்டிக்கல. கணக்கு எழுதப் போறன்னு தகவல் சொல்ட்டு வந்தன்" என்றாள்.

கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோதுதான் நான் கேட்டேன். "எதுக்கு அக்கா எல்லாரையும் எழுதிக் குடுங்கன்னு கேக்கறே?"

அவள் பஜ்ஜிக் காகிதத்தைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

"பத்தாவது பெயிலானப்போ, திரும்ப எழுதறதுக்கு ஃபாரம் வாங்கியாந்தன். அப்பா இல்ல. அண்ணன்தான் கையெழுத்து போடணும். 'படிச்சது போதும், வேணாம்'னான். வாயால சொன்னதுதான். இப்போ போய்க் கேட்டா, 'நான் எப்போ வேணாம்னு சொன்னன்? நீதான படிக்கல'ன்றான். அண்ணியும் அதயே சொல்றா. அவங்க பசங்களும் அதயே நம்பிக்கினு கீதுங்க. என்னாண்ட காட்டறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல."

அலை வந்து ஜெசிந்தாவின் செருப்பை இழுத்துப்போனது. அவள் அதைப் பிடிக்க எழுந்திருக்கவில்லை. அக்காதான் ஓடிப் போய்ப் பிடித்து வந்தாள்.

மாலையில் மயிலாப்பூர். லஸ் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருப்பார்களே, அங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டி ஒன்றை அக்கா தேடி எடுத்தாள். பக்கத்தில் வாரமலர் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மாமி கேட்டார்: "ஆத்துல கொழந்தை பத்தாவதா?"

"கொழந்தையே நான்தான் மாமி."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார், அக்கா ஏதோ திருப்பிச் சொல்லப் போகிறாள் என்று நான் தயாரானேன். மாமி குரலைத் தாழ்த்தி, "ஜியாமெட்ரிய விட்டுடாதீங்கோ. பென்சில நன்னா சீவிண்டு போங்கோ. அதுலயே பாதி கரையேறிடலாம்" என்றார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் அவளோடு கடைக்குப் போனோம். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அண்ணாச்சி வாசலிலேயே நின்றார்.

"நாந்தான் வராதன்னு சொன்னேம்லா?"

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

"என்னத்த எழுத?"

"'ஒரு நாளு பல்கலைக்கழகம் பாக்கப் போனதால வேலையவுட்டுத் தூக்கிட்டோம்'னு எழுதுங்க. நான் வாங்கிக்கினு போய்டறன்."

இதற்குள் லிஃப்ட் முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது மாடிக்குப் பட்டெடுக்கப் போக வேண்டிய முப்பது பேர். அதில் ஒரு பெரியவர், "லிஃப்ட் போகுமா போகாதா?" என்று கத்தினார். "அண்ணாச்சிதான் சொல்லணும்" என்றாள் அக்கா. நான் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஜெசிந்தா ஒரு படி மேலே போய் தன் நோட்டில் இருந்து வெள்ளைத் தாள் கிழித்துக் கொடுத்தாள்.

அண்ணாச்சி பேனாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முப்பது பேரையும் பார்த்தார். "போய் ஏறித் தொல!" என்றார்.

ஆனால் அவரும் சும்மா விடவில்லை. சீசன் முடிந்ததும் அவளை லிஃப்டில் இருந்து எடுத்து, அடித்தளத்தில் காற்றே வராத கிடங்கில் போட்டார். தண்டனையாம். அக்கா அன்று மாலை விடுதிக்கு வந்து கட்டிலில் குதித்தாள். "பத்து மணிலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல! மூணு பாடம் முடிச்சிட்டன்!"

முதல் தடவை எழுதியதில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். "திருத்துனவனுக்குக் கூட்டத் தெரியல" என்று மறுகூட்டலுக்குப் போட்டாள். திரும்பக் கூட்டினார்கள். முப்பதாகிவிட்டது. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று எழுதிக் கேட்டாள். பதில் வருவதற்குள் அடுத்த தேர்வு வந்துவிட்டது. அதில் முப்பத்தொன்பது. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மதிப்பெண் பட்டியலை அண்ணன் வீட்டு டீப்பாய் மேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். "காப்பி குடுத்தாங்க. குடிச்சன். நல்லா இருந்திச்சி" என்றாள்.

இப்போது பிளஸ் டூவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் விடுதியை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது போன் வரும். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள். எடுத்ததும் வணிகக் கணிதத்தில் ஏழாவது கணக்கு என்பாள். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது. ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்து, ஏதோ எனக்கே தெரிந்ததுபோல் சொல்வேன்.

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். அப்புறம் அவள் வேறு யாரையாவது கூப்பிட ஆரம்பித்துவிட்டால்?